கால்வாய்க் கரையிலும் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

மேடு இல்லை, லாரி இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை என்று நினைத்துத்தான் முதல் நெடும்பயணத்துக்குப் பலர் கால்வாய்க் கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. ஆனால் மூன்றாம் நாள் மாலை உள்ளங்கை மரத்துப்போய், உட்கார முடியாமல், இருட்டிய பிறகு ஊர் போய்ச் சேருகிறவர்களும் இவர்கள்தான். சமதளத்தில் சிரமம் வேறு உருவத்தில் வருகிறது: தரை, காற்று, மணிக்கணக்கில் அசையாமல் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பது. கால்வாயை விட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பலர் சைக்கிள் வாங்கி, பை வாங்கி, கடைசியில்தான் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். தரை தெரியாமல் டயரை முடிவு செய்ய முடியாது. டயர் தெரியாமல் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது.

1. வரைபடத்தில் லாக்குகளைக் குறியுங்கள்

படகுகள் போகும் கால்வாய், மாடிப்படி மாதிரி. அதன் படிகள்தான் லாக்குகள்: படகை ஒரு நீர் மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றி இறக்கும், கதவு வைத்த தொட்டிகள். இரண்டு லாக்குகளுக்கு நடுவே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், கரைப்பாதையும் அப்படியே. லாக் வரும் இடத்தில் மட்டும் பாதை சட்டென்று மேலேறும். ஆகவே லாக்குகளை எண்ணினால் அன்றைய ஏற்றம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் போட்டோமாக் ஆற்றை ஒட்டிப் போகும் செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 297 கி.மீ. நீளம், 74 லாக்குகள், மொத்த ஏற்றம் சுமார் 184 மீட்டர். ஒரு லாக்குக்கு இரண்டரை மீட்டர்தான். கால் உணர்வதற்குள் முடிந்துவிடும். பிரான்சின் பர்கண்டி கால்வாய் அப்படி இல்லை. 242 கி.மீ. நீளத்தில் 189 லாக்குகள். சில பகுதிகளில் அவை அடுத்தடுத்து வரிசையாக நிற்கும். அங்கே ஒவ்வொரு லாக்கிலும் வேகம் குறைத்து, கியர் இறக்கி, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். ஏற்றத்தைவிட இந்த நின்று நின்று போவதுதான் களைப்பைத் தரும்.

அடுத்து, பாதை கரை மாறும் பாலங்களைக் குறியுங்கள். கரைப்பாதை சில கி.மீ. இடது கரையில் போகும், பிறகு ஒரு பாலத்தில் வலது கரைக்குத் தாவும். அந்தப் பாலத்தைத் தவறவிட்டால் பழைய கரையில் பாதை மெல்லப் புல்லாகி, ஒற்றையடித் தடமாகி, ஒரு வேலியில் முட்டி நிற்கும். தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் வழி தவறியதே உறைக்காது.

மூன்றாவதாகச் சுரங்கங்கள். பர்கண்டி கால்வாயின் உச்சியில் பூயி ஊருக்கு அடியில் 3.3 கி.மீ. நீளச் சுரங்கம் இருக்கிறது. அதனுள் கரைப்பாதையே கிடையாது. சைக்கிள் மேலே சாலை வழியாகத்தான் போக வேண்டும். செசபீக் கால்வாயின் பாவ்பாவ் சுரங்கத்தில் பாதை உண்டு, ஆனால் 950 மீட்டர் இருட்டு. டார்ச்சை எடுத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடம் அது. சுரங்கம் என்று வரைபடத்தில் பார்த்தால் இந்த இரண்டில் எது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

2. தரை என்னவென்று கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லா முடிவுகளும் இதில்தான் தொங்குகின்றன. அதனால் ஒரு மாலை முழுவதையும் இதற்கு ஒதுக்கினாலும் தப்பில்லை.

கால்வாய்க் கரை என்றால் வழுவழுப்பான தார்ப்பாதை என்று படங்களைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். பிரான்சில் துலூஸ் நகரத்தில் இரண்டு கால்வாய்கள் சந்திக்கின்றன. மேற்கே போகும் கரோன் கால்வாய் 193 கி.மீ.; அதன் கரை ஏறக்குறைய முழுவதும் தார். கிழக்கே கடலை நோக்கிப் போகும் மிடி கால்வாய் 240 கி.மீ.; அதில் துலூஸை ஒட்டிய முதல் ஐம்பது கி.மீ.யைத் தாண்டியதும் பெரும்பகுதி சரளை, மண், மரவேர். ஒரே ஊரில் கிளம்பி, ஒரே சைக்கிளில், ஒரே உழைப்பில் மேற்கே போகிறவர் கிழக்கே போகிறவரைவிட ஒன்றரை மடங்கு தூரம் போய்விடுவார்.

தரையை அறிய மூன்று வழிகள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பல பாதைகளுக்குத் தார், இறுக்கிய சரளை, மண் என்று குறிப்பு இருக்கும்; அதைக் காட்டும் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படம்: வெள்ளையாக, சீரான அகலத்தில் தெரிந்தால் சரளை, இரண்டு கோடாகவோ ஒற்றைக் கோடாகவோ தெரிந்தால் மண், மரம் மூடி ஒன்றுமே தெரியாவிட்டால் வேர்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, அந்தப் பாதையில் போனவர்கள் எடுத்த படங்கள். படம் எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். கோடையில் கெட்டியாக இருக்கும் மண்பாதை, இரண்டு நாள் மழைக்குப் பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

அதனால் ஒவ்வொரு மண்பாதைப் பகுதிக்கும் இணையாக ஓடும் சின்னச் சாலை ஒன்றைக் குறித்து வையுங்கள். மழை வந்தால் யோசிக்காமல் அதற்கு மாறலாம். கால்வாய் நில மட்டத்தைப் பிடித்து வளைந்து வளைந்து போகும் இடங்களில் அந்தச் சாலை தூரத்தையும் நன்றாகக் குறைத்துவிடும். மிடி கால்வாயில் ஆர்ஜான் ஊரிலிருந்து பெசியே நகரத்து லாக்குகள்வரை 54 கி.மீ.க்கு ஒரு லாக்கும் கிடையாது. மட்டம் மாறாமல் இருக்கக் கால்வாய் ஒவ்வொரு குன்றையும் சுற்றுகிறது. பார்க்க அழகுதான். களைத்துப்போன மாலையில் அந்த அழகு எரிச்சலாக மாறிவிடும்.

கிளம்பும் முன் பாதை மூடல் அறிவிப்பைப் பார்க்க மறக்காதீர்கள். பிரான்சில் வுவா நாவிகாபிள் த பிரான்ஸ், பிரிட்டனில் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், செசபீக் கால்வாய்க்கு அமெரிக்க நேஷனல் பார்க் சர்வீஸ் என்று பராமரிக்கும் அமைப்புகளே அறிவிப்பு வெளியிடுகின்றன. மரம் வெட்டுவது, கரை சரிவது, லாக் பழுது என்று ஏதாவது ஓர் இடம் மூடியிருப்பது சகஜம்.

3. கி.மீ.யை விட்டு மணி நேரத்தில் கணக்கிடுங்கள்

மூட்டையோடு போகிற புதியவருக்கு நான் சொல்லும் கணக்கு: தாரில் மணிக்கு 16 கி.மீ., இறுக்கிய சரளையில் 13, வேரும் குழியுமான மண்ணில் 10, ஈரச் சேற்றில் 7. ஒவ்வொரு நாள் வழியையும் தரைவாரியாகப் பிரித்து, இந்த வேகத்தால் வகுங்கள்.

60 கி.மீ. முழுவதும் தார் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 60 மண்பாதை என்றால் ஆறு மணி நேரம். இதோடு நிற்பது, சாப்பிடுவது, படம் எடுப்பது, பஞ்சர் எல்லாவற்றுக்கும் பாதி நேரம் கூட்டுங்கள். முதல் மூன்று நாள் மிதிக்கும் நேரம் நான்கு மணிக்கு மேல் போக வேண்டாம். உடம்பு சீட்டுக்குப் பழகுவது அந்த மூன்று நாளில்தான்.

ரயில் நிலையங்களையும் இப்போதே குறியுங்கள். பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே ரயில் பாதை போகும். உடம்பு முடியாமல் போனாலோ வெள்ளம் வந்தாலோ அதுதான் தப்பிக்கும் வழி. ஆனால் எல்லா ரயிலிலும் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். சிலவற்றில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும். பிளாட்பாரத்தில் நனைந்துகொண்டு நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவம் இல்லை.

4. எந்தத் திசையில் போவது

ஆற்றின் போக்கில் போனால் இறக்கம், சுலபம் என்பது பரவலான நினைப்பு. மலையை ஒட்டிய மேல்பகுதியில் அது சரி. அகன்ற பள்ளத்தாக்கில் ஆறு 100 கி.மீ.க்கு 30 மீட்டர் இறங்கினால் அதிகம். அந்தச் சரிவு உங்களுக்குத் தருவது ஒன்றிரண்டு வாட் உதவி. மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் அதே வேகத்தைத் தக்கவைக்கக் கூடுதலாக நூறு வாட் தேவைப்படும். அவ்வளவு யாராலும் நாள் முழுக்கத் தர முடியாது. அதனால் 18-இல் போனவர் 12-க்கு இறங்கிவிடுவார்.

ஆகவே காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். பிரான்சின் லுவார் ஆறு ஒர்லியானிலிருந்து மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு ஓடுகிறது. அந்தத் தூரம் முழுவதற்கும் இறக்கம் 90 மீட்டர் அளவுதான். அங்கே காற்று அதிகம் மேற்கிலிருந்து வீசுவது. கடலில் தொடங்கி ஆற்றுக்கு எதிராக மேலே போகிறவருக்குத்தான் காற்று முதுகைத் தள்ளும்.

இருபுறமும் மலை இருக்கும் பள்ளத்தாக்கில் இன்னொரு கணக்கு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பிற்பகலில் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசும். இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். கீழே போகிறவர் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேலே போகிறவர் காலையில் நிதானமாகக் கிளம்பலாம்.

5. சைக்கிள்: டயருக்குத்தான் முதல் கவனம்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. 38 முதல் 45 மி.மீ. அகல டயர் உள்ளே போகும் இடம், கேரியர் பொருத்தத் துளை, நல்ல பிரேக், இறங்கிய கியர் ஒன்று இருந்தால் போதும். மெல்லிய டயர் தாரில் வேகம் தரும், ஆனால் சரளையில் வெட்டிக்கொண்டு இறங்கும். பக்கத்தில் தண்ணீர் இருக்கும்போது அது வேண்டாத விளையாட்டு.

காற்றழுத்தத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுவரை கல்லு மாதிரி அடித்துவிடுகிறார்கள். சமதளமான தாரில் தெரியாது. வேர் வரும்போது ஒவ்வொரு குலுக்கலும் மணிக்கட்டில் இறங்கும். ஆளும் மூட்டையுமாக 90 கிலோ என்றால் 40 மி.மீ. டயருக்குப் பின்னால் 45 முதல் 50 பிஎஸ்ஐ, முன்னால் 35 முதல் 40 என்று தொடங்கிப் பாருங்கள். மண்பாதையில் இரண்டிலும் ஐந்து குறைக்கலாம். டயரில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். போனால், வேரின் விளிம்பில் மோதும்போது ட்யூப் வேருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை விழும்.

மணி கட்டாயம். முன்னும் பின்னும் விளக்கு பகலிலும் தேவைப்படும், அதைப் பிறகு சொல்கிறேன். மட்கார்டு இருந்தால் அதற்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

6. மூட்டை: எடையும் இடமும்

கூடாரம் இல்லாமல் 8 முதல் 10 கிலோ, கூடாரத்தோடு 15. அதற்கு மேல் போனால் வீட்டிலேயே எதையாவது எடுத்து வையுங்கள்.

முதுகில் பை வேண்டாம். அந்த எடை முழுவதும் சீட்டிலும் உள்ளங்கையிலும் இறங்கும். சமதளத்தில் எழுந்து நிற்கும் சந்தர்ப்பமும் குறைவு. எல்லாவற்றையும் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில், கனமானதை அடியில், அச்சுக்கு நெருக்கமாக வையுங்கள். பின்னால் மட்டும் எடை ஏற்றினால் லாக் சரிவில் ஏறும்போது முன்சக்கரம் இலேசாகித் தள்ளாடும். ஆகவே தண்ணீர், கருவிகள், சாப்பாடு என்று கொஞ்சத்தை ஹேண்டில்பார் பைக்கோ பிரேமுக்கோ நகர்த்துங்கள்.

பைகளோடு சேர்த்து சைக்கிளின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்திருக்கும் குறுகலான இரும்புத் தடுப்புகள் கரைப்பாதைகளில் அடிக்கடி வரும். ஹேண்டில்பார் நுழையும், பை நுழையாது. இழுத்தால் கொக்கி உடையும். ஒரு பையைக் கழற்றிவிட்டுத் தள்ளுங்கள்.

7. முழு மூட்டையோடு ஒரு நாள் ஒத்திகை

கிளம்பும் முன் ஒரு நாள் முழு மூட்டையோடு, முடிந்தவரை சமதளத்தில், நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சமதளம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேட்டில் எழுந்து நின்று மிதிப்பீர்கள், இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். கால்வாய்க் கரையில் இரண்டும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும்.

குதிகால் பின்பையில் இடிக்கிறதா, சீட் அரை அங்குலம் மேலே போனால் முழங்காலுக்கு நல்லதா, விரல் மரக்கிறதா என்பதெல்லாம் இரண்டாவது மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். விரல் மரத்தால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்த சீட் உங்களை முன்னே சரிய வைத்து, கைகளால் தாங்க வைக்கும்.

8. கால்வாய்க் கரையில் ஓட்டும் முறை

கண் எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கே போகும். தண்ணீரில் ஏதாவது பறவை தெரிந்தால் நின்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே பார்த்தவர்கள் கரை விளிம்புக்கு வந்துவிட்டதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பாதையின் நடுவிலோ நிலத்தின் பக்கமோ ஓட்டுவதுதான் பாதுகாப்பு. கட்டிய கரையின் சுவர் செங்குத்தாக இருக்கும். விழுந்தால் ஏறப் பிடி கிடைக்காது. லாக்குக்குள் விழுவது இன்னும் மோசம்.

பாலத்துக்கு அடியில் வேகத்தை நடையாகக் குறையுங்கள். பாதை குறுகும், கூரை தாழும், எதிரே வருகிறவர் வளைவில் தெரியமாட்டார். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது கண் இரண்டு மூன்று நொடி குருடாக இருக்கும். கல் பாவிய தரையில் அங்கே எப்போதும் ஈரம் இருக்கும். மணி அடித்து, பிரேக்கை நுழைவதற்கு முன்பே பிடித்து, உள்ளே ஹேண்டிலைத் திருப்பாமல் போங்கள். எதிரே விளக்கு தெரிந்தால் வெளியே நின்று வழிவிடுங்கள்.

லாக் சரிவு குறுகியது, ஆனால் செங்குத்து. அது கண்ணில் பட்டதும், மிதி இன்னும் இலகுவாக இருக்கும்போதே, கியரை இறக்குங்கள். சரிவில் ஏறிய பிறகு அழுத்தத்தோடு மாற்றினால் செயின் கழன்று விழும். லாக் கதவின் மேல் உள்ள குறுகிய நடைப்பலகை வழியாக மூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கவே கூடாது. ஒரு பக்கம் பல மீட்டர் பள்ளம். அடுத்த பாலம் எவ்வளவு தூரமானாலும் அதற்குப் போங்கள்.

கட்டி நிற்கும் படகுகள் வரும்போது தரையைப் பாருங்கள். கயிறு சில நேரம் பாதைக்குக் குறுக்கே மரத்தில் கட்டப்பட்டிருக்கும். கணுக்கால் உயரத்தில் இரும்பு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மீன் பிடிப்பவர்களின் தூண்டில் கோல் பாதையின் முழு அகலத்துக்கும் பின்னால் நீளும். கோலை அவர்கள் பின்னுக்கு இழுக்க நேரம் வேண்டும், ஆகவே தூரத்திலேயே மணி அடித்து வேகத்தைக் குறையுங்கள். நடப்பவர்களுக்கு எப்போதும் முன்னுரிமை. காதில் ஏதாவது மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நெருங்குங்கள். குஞ்சுகளோடு இருக்கும் வாத்தினம் உங்களைப் பார்த்துச் சீறினால், இறங்கி, சைக்கிளை அதற்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள். அதோடு வாதாடிப் பயனில்லை.

மரப்பலகைப் பாலம், இரும்புத் தகடு, நனைந்த இலைகள் மூன்றும் ஒரே ரகம். நேராக ஏறி நேராக இறங்குங்கள். அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். வேர்களையும் குறுக்காகவே கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் வேரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும்.

உடம்புக்கு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை நின்று மிதியுங்கள். கையின் பிடியை மாற்றுங்கள். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 75, 80 சுற்று மிதிப்பது முழங்காலைக் காக்கும்.

9. கால்வாயை விட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள்

இங்கேதான் புதியவர்களின் அட்டவணை உடைகிறது. ஆறு சமமாகத்தான் போகிறது. சாலை அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு கிளை ஓடையையும் கடக்கச் சாலை இறங்கி ஏறும். வெள்ளத்துக்குப் பயந்து ஊர்களை மேட்டில் கட்டியிருப்பார்கள், ஆகவே தண்ணீர் வாங்க ஊருக்குள் போனாலும் ஏற்றம். ஆறு 20 மீட்டர் இறங்கும் 50 கி.மீ.யில் நீங்கள் 400 மீட்டர் ஏறியிருக்கலாம். லாக்கை எண்ணுகிற கணக்கு இங்கே உதவாது. உயர வரைபடம் காட்டும் செயலியில் மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கரை என்பதை வளைவைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆறு வளையும்போது வெளிப்புறக் கரையை அரித்துச் செங்குத்தாக்கும், உட்புறத்தில் மணலையும் வண்டலையும் படிய வைத்துச் சமமாக்கும். வெளிப்புறக் கரையில் போகும் சாலை அந்தக் குன்றின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். உட்புறம் சமதளம், ஆனால் வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். பெருஞ்சாலை ஒரு கரையிலும் கிராமச் சாலை மறு கரையிலுமாக இருப்பது வழக்கம். பிந்தியதை எடுங்கள். பாலங்கள் சில இடங்களில் 10, 15 கி.மீ.க்கு ஒன்றுதான் இருக்கும்; கரை மாற வேண்டிய பாலத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவது ஒன்றிரண்டு மணி நேர வேலையாகிவிடும்.

வெள்ளக் கரையின் உச்சியில் பாதை இருந்தால் பார்வைக்கு விருந்து, காற்றுக்கு மறைவே இல்லை. எதிர்காற்று நாளில் கரையின் அடிவாரத்தில் ஓடும் பண்ணைப் பாதைக்கு இறங்குங்கள். சில மீட்டர் தாழ்விலேயே வித்தியாசம் தெரியும்.

மேற்பகுதியில் பெய்த மழை, உங்கள் இடத்துக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து சேரும். தலைக்கு மேல் நீல வானம் இருக்க, பாதை தண்ணீருக்குள் போகும். அந்தத் தண்ணீரில் சைக்கிளை இறக்காதீர்கள். கலங்கல் நீரில் பாதையின் விளிம்பு தெரியாது. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்க்கும். முந்தைய பாலத்துக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரம்தான் போகும்.

காலை மூடுபனிக்காகத்தான் விளக்கைப் பற்றி முன்பு சொன்னேன். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும், ஆற்று ஈரம் அதில் பனியாகும். இலையுதிர் காலத்தில் காலை பத்து மணிவரைகூட விலகாது. சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு உங்கள் பின்விளக்கு மட்டுமே தெரியும்.

10. தண்ணீரும் இரவும்

நாள் முழுக்கத் தண்ணீரின் பக்கத்தில் போனாலும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவிப்பது இந்தப் பயணத்தின் வேடிக்கை. கால்வாய் நீரில் படகுக் கழிவும் வயல் உரமும் கலந்திருக்கும். கையில் எடுத்துப்போகும் வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், கரைந்த ரசாயனத்தைப் பெரும்பாலும் பிடிக்காது. படகுத்துறைகளில் குடிநீர்க் குழாய் இருக்கும். அவற்றை வரைபடத்தில் குறித்து, இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு ஏற்ப 2 முதல் 3 லிட்டர் எடுத்துப் போங்கள். குளிர்காலத்தில் பல குழாய்களை அடைத்துவிடுவார்கள். செசபீக் கால்வாயின் முகாம்களில் கைப்பம்பின் கைப்பிடியையே கழற்றி வைத்துவிடுவதுண்டு.

கை கால் காயத்தில் கால்வாய் நீர் படாமல் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பி ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், கால்வாய்க் கரையில் இருந்தேன் என்று டாக்டரிடம் கேட்காமலே சொல்லுங்கள்.

கூடாரம் போடுகிறவர்கள் நீர் விளிம்பை விட்டு, சில மீட்டர் உயரமான இடத்துக்குப் போக வேண்டும். குளிர், கொசு, கூடாரத்தின் உள்பக்கம் சொட்டும் ஈரம் மூன்றும் அங்கே குறையும். இரவில் ஆற்றில் நீர் ஏறினாலும் அவ்வளவு சீக்கிரம் கூடாரத்தை எட்டாது. அறை எடுப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: கால்வாயோர ஊர்கள் சின்னவை, விடுமுறைக் காலத்தில் நிறைந்துவிடும். அன்றைய அறையை மதியத்துக்குள்ளாவது உறுதி செய்யுங்கள்.

11. பஞ்சர்

வேலிச் செடிகளை வெட்டிவிட்ட வாரத்தில் கரைப்பாதை முழுக்க முள் கிடக்கும். இரண்டு ட்யூப், ஒட்டும் பொருள்கள், டயர் லீவர், பம்ப், அறுகோணச் சாவிகள், செயின் இணைப்பு ஒன்று, கேரியர் போல்ட் இரண்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் கட்டு நாடா. இவ்வளவு போதும்.

ட்யூபை மாற்றிக் காற்றடித்து, ஐந்து நிமிடத்தில் மறுபடி பஞ்சராகி நிற்பவர்களைப் பார்க்காத பயணமே இல்லை. காரணம், முள் டயரிலேயே இருக்கிறது. பழைய ட்யூபுக்கு முதலில் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரில் அதே தூரத்தில், இரண்டு பக்கமும், உள்ளே மெதுவாக விரலை ஓட்டுங்கள். முள்ளின் முனை உள்ளே அரை மில்லிமீட்டர்தான் நீட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியில் சுருக்கென்று படும். வெளியிலிருந்து இழுத்தால் உடைந்து உள்ளேயே தங்கும். உள்ளிருந்து லீவரின் முனையால் வெளியே தள்ளி எடுங்கள். அப்புறம்தான் புது ட்யூப். சைக்கிளைப் படுக்க வைக்கும் முன் பைகளைக் கழற்றி, நிலத்தின் பக்கம் வைத்துவிடுங்கள். தண்ணீர்ப் பக்கம் கழற்றி வைத்த நட்டு உருண்டு போனால் திரும்பக் கிடைக்காது.

12. ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம்

சரளை அதிர்வில் போல்ட்டுகள் தானாகத் தளரும். முதலில் கேரியர் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஒரு போல்ட் விழுந்தால் எடை முழுவதும் அடுத்ததில் இறங்கி அதுவும் முறியும். பிறகு பின்சக்கரத்தைச் சுழற்றி, ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்துங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் காலையில் கிளம்பும் முன் சரிசெய்ய வேண்டும்.

செயினில் மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். அதன் மேலேயே எண்ணெய் விடாதீர்கள். துணியால் துடைத்து, சின்னதாக ஒரு சுற்று எண்ணெய் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டைகளில் சிக்கிய கல்லைக் குத்தி எடுங்கள். சேறு காய்ந்துவிட்டால் ரிம்மைத் தேய்த்துத் தின்னும்.

இதை அறைக்குள் போவதற்கு முன், குளிப்பதற்கு முன் செய்யுங்கள். குளித்துவிட்டு வந்து கிரீஸில் கை வைக்க யாருக்கும் மனசு வராது, அப்புறம் காலையில் மறந்துவிடும்.